வாசலில் கிடக்கும் இடது செருப்பு

தம்பி,

இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். நான் பேசுவது காதில் விழுந்ததும் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாரு, தம்பியா? குடு இங்க" என்று கையை நீட்டுவார். அவர் எதிரில் பேச முடியாத விஷயம் இது. அதனால் மதியம் என் பிசியோதெரபி கிளினிக்கில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். முழுக்கப் படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ வந்திருந்தபோது அப்பாவின் முழங்காலைப் பார்த்துத் தேய்மானம் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது பாதி உண்மைதான். அவருக்கு இடுப்பில் நரம்பு நசுங்கியிருக்கிறது. இடது பாதத்தை மேலே தூக்கும் பலம் குறைந்துகொண்டே வருகிறது. வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டி, ஸ்கேனும் எடுத்தாயிற்று. சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் போன பலம் திரும்பி வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உன் அப்பா முடியாது என்கிறார். ஏன் முடியாது என்கிறார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நீ சனிக்கிழமை கிளம்பி ஆம்பூருக்கு வர வேண்டும். வந்து அவரை முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ வந்த அன்றைக்கு நடந்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நான் குழம்பைக் கிளறிவிட்டு, கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பிசியோதெரபி படித்து முடித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இந்த வீட்டில் நீ தொட்டுப் பார்த்த முதல் ஆள் உன் அப்பா. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, லுங்கியை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டு, ஏதோ பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிமிர்ந்திருந்தார். நீ கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டாய். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்டாய். இடது முழங்காலை மடக்கி நீட்டினாய். உள்ளே கரகரவென்று அரைத்தது எனக்கே கேட்டது. "தேய்மானம்தான்ப்பா. பயப்பட ஒண்ணும் இல்ல. தொடைல பலம் ஏறிச்சின்னா வலி கம்மி ஆயிடும்" என்றாய். அப்புறம் உன் கை கணுக்கால் பக்கம் இறங்கியது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கால்லாம் வாணாம்பா. ஊரு சுத்தி வந்த காலு. விடு" என்றார். நீயும் விட்டுவிட்டாய். வலது காலை நீ தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் கட்டிலைவிட்டு இறங்கி நடக்கவும் இல்லை. நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கரண்டியோடு நின்று மகனைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு உன் அப்பா செய்த அட்டகாசம் உனக்குத் தெரியாது. நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையிலும் சாயந்திரமும் தவறாமல் செய்தார். ஷூ கம்பெனி பஸ்ஸில் முழங்கால் வலி என்று யார் வாய் திறந்தாலும், "இப்டி தொடைய டைட்டா வெச்சி புடி, என் பையன் சொன்னான்" என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். செக்கிங் செக்‌ஷனில் அவரோடு வேலை பார்க்கிற பாதிப் பேர் இப்போது உன் பயிற்சியைத்தான் செய்கிறார்களாம்.

அதற்கு நடுவில்தான் அந்த பஸ் சங்கதி நடந்தது. உனக்கும் போனில் சொல்லிச் சிரித்தாரே, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் இடது காலில் செருப்பே இல்லை, கீழேயே கழன்று விழுந்துவிட்டது, பின்னால் ஏறியவர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார் என்று. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். வார் லூசாகிவிட்டது என்றார். சரி என்று நாமும் விட்டுவிட்டோம். காலிலிருந்து செருப்பு கழன்று போவது ஒரு மனிதனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று இரண்டு பிசியோதெரபிஸ்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளி நடையில் உட்கார்ந்து செருப்புக்கு சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். ஷூ ஒட்டுகிற பசைதான், அந்த வாடை வீடெல்லாம் அடித்தது. எட்டிப் பார்த்தேன். செருப்பின் மூக்கில், பெருவிரல் நிற்கிற இடத்தில், சோல் தேய்ந்து தாள் மாதிரி ஆகியிருந்தது. அதன் மேல் ஒரு துண்டு ரப்பரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே ஏற்கெனவே ஒட்டிய இன்னொரு துண்டும் தெரிந்தது.

"இன்னாங்க இது?" என்றேன்.

"இன்னா சோல் ஊத்தறானுங்க இப்பல்லாம். கம்பவுண்டே சரியில்ல. ஒட்ட ஒட்டத் தேயிது" என்றார்.

"வலது செருப்பு?"

"அது நல்லாதான் கீது."

"ரெண்டும் ஒரே ஜோடிதானே?"

"ஒரே ஜோடின்னா ஒரே பேட்ச்சுன்னு அர்த்தமா? இடதுக்கு ஒரு மோல்டு, வலதுக்கு ஒரு மோல்டு. அத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

இப்படி ஒரு பதிலை வேறு எந்த ஊரிலும் கேட்க முடியாது. வாழ்நாள் முழுக்க ஷூவைத் தூக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடித்த மனிதர். ஒரு தையல் பிசகியிருந்தாலும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் கண்ணுக்குத் தேய்ந்த செருப்பில் சோலின் குற்றம்தான் தெரிகிறது. காலின் குற்றம் தெரியவில்லை. தெரிந்த தொழிலில்தானே கண் போகும். நீ மட்டும் என்ன செய்தாய்? முழங்காலில் கரகர சத்தம் கேட்டதும், தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று கையை எடுத்துக்கொண்டாய். அந்தச் சத்தம் பொய்யில்லை. தேய்மானமும் இருக்கிறது. ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டாய், அவ்வளவுதான்.

அன்றைக்கே அவரை எழுப்பி நிற்க வைத்தேன். "விரலெல்லாம் மேல தூக்கிக்கினு, குதிகால்ல மட்டும் நாலு அடி நடங்க" என்றேன். "இன்னாத்துக்கு?" என்று முறைத்தார். "சும்மா நடங்களேன்" என்றேன். வலது பாதம் நிமிர்ந்து நின்றது. இடது பாதம் தொப்பென்று விழுந்தது. தரை வழுக்குகிறது என்றார். மறுபடி நடக்கச் சொன்னேன். மறுபடி விழுந்தது. பேலன்ஸ் போய்விட்டது என்றார். மூன்றாம் தடவை நடந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தரையை ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் இடுப்பிலிருந்து கால் வரைக்கும் சுளீரென்று இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது எப்பவோ போய்டுச்சுமா. இப்ப வலியே கெடையாது" என்று சந்தோஷமாகச் சொன்னார். வலி குறைந்து பலமும் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை, நரம்பு ஓய்ந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். இது உனக்கும் தெரியும். புத்தகத்தில் படித்திருப்பாய். புத்தகத்தில் படித்தது அப்பா உருவத்தில் லுங்கி கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் அடையாளம் தெரியாது, அதுதான் சிக்கல்.

வேலூருக்குக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாக, படத்தைக் காட்டி, எந்த இடத்தில் நரம்பு அழுந்துகிறது என்று விளக்கினார். இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கையெழுத்துப் போடச் சொன்னபோது, "வூட்ல கலந்துக்கினு வர்றேன் சார்" என்று எழுந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"பையன் படிச்சு முடிச்சு நம்ம வூட்ல மொதமொதல்ல பாத்தது என் கால. முழங்கால்னு சொல்லிட்டான். ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப போய் இடுப்புல கத்தி வெச்சா, அவன் பாத்தது தப்புன்னு ஆயிடாதா? அவன் கல்யாணம் வெச்சிருக்கற நேரத்துல ஆற்காட்டு சம்பந்தி காதுக்குப் போனா இன்னா நெனப்பாங்க? பெத்த அப்பன் கால பாக்கத் தெரியாதவனுக்கா பொண்ணு குடுத்தோம்னு நெனக்க மாட்டாங்களா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இத்தினி வருஷமா இதே வேலை பாக்கறேனே, நான் சொல்றது உங்க காதுல ஏறாதா?" என்று கேட்டேன்.

"நீ ஊர்ல இருக்கற எல்லாரையும் பாக்கற. அவன் என்னைப் பாத்தான்" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, ஸ்கேன் சொல்லியும் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை. உன் வார்த்தை தப்பாகிவிடக் கூடாது என்பதற்காகத் தன் காலை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். அந்த வார்த்தையை நீ வந்து திரும்ப எடுத்துக்கொண்டால்தான் அவர் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார்.

போனில் சொன்னால் போதாதா என்று நினைக்காதே. அம்மா சொல்லிக்கொடுத்து நீ சொல்கிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீயே பார்க்க வேண்டும், உன் கைக்கே தெரிய வேண்டும், அது அவருக்கும் தெரிய வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பாய். ஆனாலும் எழுதுகிறேன். உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் உன் அப்பாவைப் பார்த்ததில்லை.

வாசலிலேயே ஆரம்பித்துவிடு. நம் ஊரில் யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அது மரியாதை. பரிசோதிக்கிறவனுக்கு அது நஷ்டம். பாதி ஊர் ஷூ தைத்துச் சோறு சாப்பிடுகிறது, ஆனால் என் கிளினிக்குக்குள் வருகிறவர்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு வருகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆள் உள்ளே போனதும் வெளியே போய் அவர் செருப்பைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் கவலையில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் தேயும். மூக்கு தேய்ந்திருந்தால், அதுவும் ஒரு காலில் மட்டும் தேய்ந்திருந்தால், அந்தப் பாதம் தரையில் இழுபடுகிறது. "இன்னா மேடம், செருப்பு வேணுமா?" என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டுவிட்டார்கள். கேட்டால் கேட்கட்டும்.

அடுத்து, நடக்க விட்டுப் பார். உள்ளறையிலிருந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொல். நடையைப் பரிசோதிக்கிறேன் என்று சொன்னால் மாப்பிள்ளை அழைப்பில் போகிற மாதிரி நிமிர்ந்து நடப்பார். "அப்பா, கேட்டு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்று சொல், போதும். கண்ணோடு காதையும் வைத்துக்கொள். வலது பாதம் சத்தமில்லாமல் இறங்கும், இடது பாதம் சப்பென்று அறையும். பாதம் தட்டிவிடாமல் இருக்க இடது முழங்காலை அளவுக்கு மேல் உயர்த்தித் தூக்குவார், கவனி. தேய்ந்த முழங்கால், அதற்கு இந்த வேலையும் சேர்ந்தால் ஏன் வலிக்காது? கட்டிலில் உட்கார வைத்துப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. குதிகாலில் நடக்கச் சொல், விரல் நுனியில் நடக்கச் சொல், ஒற்றைக் காலில் நிற்கச் சொல். இடது காலில் மட்டும் நிற்கும்போது இடுப்பின் வலது பக்கம் கீழே சரிகிறதா என்று பின்னாலிருந்து பார்.

லுங்கி முழங்கால் வரைக்கும் ஏறினால் போதாது. இரண்டு காலும் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் தெரிய வேண்டும். அரைக்கால்சட்டை ஒன்று பீரோவில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளச் சொல். வெட்கப்படுவார். கதவைச் சாத்து, என்னை வெளியே போகச் சொல், போய்விடுகிறேன். துணிக்கு மேலே தொட்டுப் பார்ப்பதைப் பரிசோதனை என்று சொல்லாதே. ஸ்டிச்சிங்கில் வேலை பார்க்கிற செல்வி என்கிற பெண் தோள்வலி என்று வந்தாள். கம்பெனி கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றாள். திரை போட்டு, பொறுமையாகப் பேசி, கழற்ற வைத்தேன். வலது தோளில் சதை வற்றிப் பள்ளமாக இருந்தது. இடது தோள் உருண்டையாக இருந்ததால்தான் வலது தோளின் பள்ளம் தெரிந்தது. எப்போதும் நல்ல பக்கத்தை முதலில் பார், அப்புறம் கெட்ட பக்கம். அந்தப் பெண்ணை எங்கே அழுத்தினாலும் "வலிக்கல மேடம்" என்றுதான் சொன்னாள். வலிக்கிறது என்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். வாய் வலிக்கவில்லை என்று சொல்லும்போது கண் ஓரம் சுருங்கியது. கை அழுத்துகிற இடத்தைக் கண் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்க்க வேண்டும்.

தொடும்போது முதலில் புறங்கையால் தொடு, சூடு அதில்தான் தெரியும். இரண்டு முழங்காலையும் மாற்றி மாற்றித் தொடு. நீர் கோத்திருக்கிறதா பார். அப்புறம் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஓடுகிற தசையைப் பிடித்துப் பார். வலது பக்கம் கெட்டியாக இருக்கும். இடது பக்கம் உன் விரல் உள்ளே இறங்கும். எனக்கு அது தெரிந்த நிமிஷம் மனசு விட்டுப்போயிற்று. உனக்கும் அப்படித்தான் இருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளாதே, அடுத்ததற்குப் போ.

மூட்டை அசைப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் அவரே அசைக்கட்டும், அப்புறம் நீ அசை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னால் பாதி தூக்குவார். நீ பிடித்துத் தூக்கினால் முழுக்க வரும். மூட்டில் குறை இருந்தால் உன் கைக்கும் வராது. உன் கைக்கு வந்து அவருக்கு வரவில்லை என்றால் குறை தசையிலோ நரம்பிலோ இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் பலம். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல், நீ மேலிருந்து அழுத்து. சண்டை போடாதே, மெதுவாக அழுத்தத்தை ஏற்று. என் கைக்கு ஐந்துக்கு மூன்றுகூட வரவில்லை, காற்றில் பாதி தூக்குகிறார், கை வைத்தால் விழுந்துவிடுகிறது. பெருவிரலைத் தனியாகப் பார். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லியும் பார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தின் மேல்பக்கத்தில் பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேள். பஸ்ஸில் செருப்பு கழன்றது ஏன் தெரியவில்லை என்பது உனக்குப் புரிந்துவிடும். சுத்தியலால் தட்டினால் முழங்காலும் கணுக்காலும் ஒழுங்காகத்தான் துள்ளும். அதைப் பார்த்து ஏமாந்துபோகாதே, இந்த நரம்புக்கு அது சாட்சி சொல்லாது. கடைசியில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தி, எந்த உயரத்தில் இழுக்கிறது என்று பார். எல்லாம் முடிந்த பிறகு ஸ்கேனை எடு. பீரோவில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். முதலில் எடுத்தால் உன் கை வேலை செய்யாது, படம் சொன்னதையே கையும் சொல்லும்.

முழங்கால் வலி என்று வந்தால் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் பார்க்காமல் விடாதே என்று படிக்கிற காலத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். அந்தப் பாடமே நீதான். நாலாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் ஏலகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வந்தாய். "முட்டி வலிக்குதும்மா" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாய். முழங்காலை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் இல்லை. இடுப்பு மூட்டை உள்பக்கமாகத் திருப்பினேன், வீறிட்டாய். இடுப்பில் நீர் கோத்திருந்தது, வலி மட்டும் முழங்காலில் தெரிந்தது. சிறு பிள்ளைகளுக்கு வந்து தானாகவே போகிற கோளாறுதான், ஆனால் கீழே காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். உன் அப்பா லீவு போட்டார். லீவே போடாத மனிதர். பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார், சாப்பிடத் தூக்கிக்கொண்டு வந்தார், சாயந்திரம் தெருவை வேடிக்கை பார்க்கத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் உன் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் இறக்கி உட்கார வைங்க, கை வலிக்கும்" என்று சொன்னால், "வெயிட்டே இல்லடி" என்பார். அப்போதும் நீ முழங்கால் என்றாய், இருந்தது இடுப்பில். இப்போதும் நீ முழங்கால் என்றாய், இருக்கிறது இடுப்பில்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். சுற்றி வளைக்காதே. "அன்னிக்கு நான் முழங்காலோட நிறுத்திட்டேன்ப்பா, மேலயும் கீழயும் பாக்கல. இடுப்புலதான் கோளாறு. ஆபரேஷன் பண்ணிக்கணும்" என்று சொல். அழாதே, நீ அழுதால் அவர் உனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், பேச்சு வேறு எங்கேயோ போய்விடும். நான்தான் காலை இழுத்துக்கொண்டேன், தப்பு என்னுடையது என்பார். ஒத்துக்கொள்ளாதே. சம்பந்தி வீட்டுப் பேச்சை எடுத்தால், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் நானே சொல்லிவிட்டேன் என்று சொல். வருவதற்கு முன்னால் உண்மையிலேயே சொல்லிவிட்டு வா. தன் தப்பைத் தானே போய்ச் சொல்கிற மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால், அது இப்போதே தெரிவது நல்லது. எனக்குத் தெரிந்த வரையில் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. உடனே செய்துகொண்டால் கல்யாணத்துக்குள் எழுந்து நடமாடிவிடலாம் என்கிறார் டாக்டர். பாதம் விழாமல் பிடிக்கிற பட்டி போட்டுக்கொண்டு நின்றால்தான் என்ன, போட்டோவில் வேட்டி மறைத்துக்கொள்ளும்.

உன் வேலையைப் பற்றி நீ பயந்துவிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ கட்டிலில் பார்த்தது ஒரு நோயாளியை இல்லை, அப்பாவை. காலை இழுத்துக்கொண்டதும் மரியாதைக்கு விட்டுவிட்டாய். வேறு யாராவது இழுத்திருந்தால், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிப் பிடித்திருப்பாய். வெளியாளிடம் செய்வதை வீட்டு ஆளிடம் செய்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். நானும் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்யாணத்தன்று பாத பூஜையில் அவர் பாதத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவுவாய். மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, பூப் போடுவாய். ஊரே சுற்றி நிற்கும், அன்றைக்குக் காலை இழுத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பாதத்தை இந்தச் சனிக்கிழமையே உன் கையில் வாங்கிக்கொள். இழுப்பார், அழுக்கு என்பார், ஊரு சுத்தின காலு என்பார். விடாதே. உன் மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலை மேலே தூக்கச் சொல். தூக்கப் பார்ப்பார். வராது. உனக்குத் தெரிந்துவிட்டதா என்று நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பார். அப்போது நீ தலையைக் குனிந்துகொள்ளாதே.

அம்மா